இருபத்திரண்டு மில்லிமீட்டர்

மெஷின்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற கேட் (CAD) சாஃப்ட்வேரைக் கம்பெனிக்கு வாங்க வேண்டும் என்று ஆறு வருடங்களாக முதலாளியை நச்சரித்தவர் கோவிந்தன்தான். வேறு யாராவது கொண்டுவந்து அவர் தலையில் கட்டியிருந்தால், பின்னால் ஒருநாள் ஸ்க்ரீனில் கண்டதைக் கம்ப்யூட்டரின் தப்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகும் சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த இன்ஜினியரிங் கம்பெனி. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். மாம்பழக் கூழ் எடுக்கிற மெஷினும், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு அரைக்கிற மெஷினும் அவர்களுடைய முக்கியமான சரக்கு. கோவிந்தன் அங்கே டிராயிங் பிரிவுக்குத் தலைவர். டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவர், இப்போது நாற்பத்தெட்டு வயது. கையால் வரைந்த தாள்களை ஸ்கேன் செய்து, பிரிண்ட் எடுத்து, அதையே திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாள் தொலைந்தால் பட்டறையில் இரண்டு நாள் வேலை நிற்கும். அதனால்தான் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன வருடம் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய உணவுக் கம்பெனி, முப்பரிமாண டிராயிங் கொடுத்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. முதலாளி மாதவராஜ் உடனே ஒத்துக்கொண்டார். அப்பா ஆரம்பித்த கம்பெனியை நடத்துகிறவர், கோவிந்தனைவிட ஐந்து வயது சின்னவர், சிறுவயதிலிருந்தே அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கோவிந்தன் ஒரு மாதம் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார். சீக்கிரமாகவே கைவந்தது. ஸ்க்ரீனில் ஒரு மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அவர் மனைவி காவேரி கேலி செய்யும் அளவுக்கு இருந்தது. "புதுசா கல்யாணம் ஆனவனாட்டம் சிரிச்சிக்கிட்டு வர்றீங்க" என்றாள்.

ஹைதராபாத் ஆர்டரை முடித்துவிட்டுப் பழைய மெஷின்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார். கிழங்கு அரைக்கும் மெஷினின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. நூற்று நாற்பத்து மூன்று உறுப்புகள். எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து, ஒன்றோடொன்று பொருத்தி, காலை பதினொரு மணிக்கு முழு மெஷினும் ஸ்க்ரீனில் நின்றது. டீ வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே, ஓர் உறுப்பு இன்னொன்றை முட்டுகிறதா என்று சோதிக்கும் பொத்தானை அழுத்தினார்.

ஒரு இடம் சிவப்பாக ஒளிர்ந்தது.

மோட்டாரில் மாட்டியிருக்கிற, பெல்ட்டை ஓட்டுகிற சக்கரமான புல்லியின் விளிம்பு, பெல்ட்டை மூடுகிற இரும்பு மூடிக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. ஓர் இரும்பு இன்னொரு இரும்புக்குள் இருக்க முடியாது. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். மூடியின் தாளை எடுத்து அளவுகளை ஒப்பிட்டார். சரியாக இருந்தது. மோட்டார் பீடத்தின் தாளை எடுத்தார். அதுவும் சரியாக இருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினார். அதே சிவப்பு. அளந்து பார்த்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

பிறகுதான் மோட்டார் பீடத்தின் தாளில், ஓரத்தில், தன் கையெழுத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். பத்து வருடங்களுக்கு முன்பு ஆலைக்காரர்கள் இன்னும் வேகமாக அரைக்க வேண்டும் என்று கேட்டார்கள். மோட்டாரைப் பெரிதாக்கினார்கள், புல்லியும் பெரிதானது. பீடத்தின் தாளைத் திருத்தியவர் கோவிந்தன். மூடியின் தாளைத் திருத்த வேண்டியவரும் அவர்தான். திருத்தவில்லை. இரண்டும் தனித்தனித் தாள்கள், தனித்தனி அலமாரிகள். பட்டறையிலும் மூடியும் மோட்டாரும் சேர்ந்ததில்லை. மோட்டாரை ஆலைக்காரர்களே வாங்கி, மெஷின் போய் இறங்கிய பிறகு அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். மூடியைப் பட்டறையில் வெறும் சட்டத்தின் மேல் வைத்துத் துளை போட்டு, கழற்றித் தனியாகக் கட்டி அனுப்புவார்கள்.

அதாவது, பத்து வருடங்களாக அனுப்பிய ஒரு மெஷினில்கூட அந்த மூடி உட்கார்ந்திருக்க முடியாது.

டீ ஆறிப்போயிருந்தது.  அந்த மூடியைப் பற்றி அவர் ஒருமுறை வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு பொம்மிடிப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் விபத்து நடந்தது. குள்ளம்மாள் என்ற பெண், மெஷினுக்குப் பக்கத்தில் சிதறின கிழங்குத் துண்டுகளை அள்ளும்போது அவள் கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. விசாரணைக்கு வந்த அதிகாரி, மெஷின் செய்த கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றார். கோவிந்தன் போனார். மூடி மாட்டவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். மூடி இல்லாமல் நாங்கள் மெஷின் அனுப்புவதில்லை, மாட்டியிருந்தால் விரல்கூட உள்ளே போக வழியில்லை, சுத்தம் செய்ய வசதியாக யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று கோவிந்தன் சொன்னார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூடியின் போட்டோவும் அதற்குச் சாட்சியாக இருந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி விசாரணை முடிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நம்பியதைத்தான் சொன்னார்.

எழுந்து போய் அந்தப் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். வாக்குமூலத்தின் நகலோடு போட்டோவும் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சைப் பெயின்ட் அடித்த மூடி. அதன் கைப்பிடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு சின்ன பாலிதீன் பை. பைக்குள் நான்கு போல்ட்டுகள்.

கம்பெனியிலிருந்து அனுப்பும்போது அப்படித்தான் கட்டி அனுப்புவார்கள். அந்தப் பை அவிழ்க்கப்படவே இல்லை. கழற்றுவதற்கு முதலில் மாட்டியிருக்க வேண்டுமே. விசாரணை நடந்த அறையில் இந்தப் போட்டோவை அவர் கையில்தான் கொடுத்தார்கள். விரலை வைத்துக் காட்டிப் பேசினார். விரலுக்கு அரை அங்குலம் தள்ளி அந்தப் பை இருந்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. படியிறங்கிப் பட்டறைக்குப் போனார். ஆலைகளுக்குப் போய் மெஷினை நிறுத்திக் கொடுக்கிற மூத்த ஃபிட்டர் பச்சியப்பன் அன்று உள்ளேதான் இருந்தார். கோவிந்தன் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"பச்சியப்பா, கெழங்கு மெஷின்ல அந்த பெல்ட் மூடி... மாட்டிப் பாத்திருக்கறயா?"

பச்சியப்பன் சிரித்தார். "அது எங்கீங்க சார் உக்காருது? புல்லி முட்டுமே."

"எப்ப இருந்து?"

"பெரிய மோட்டார் வந்த நாள்ல இருந்துங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே."

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"சைட்டுக்குப் போறவங்க எல்லாருக்குமுங்க. சில ஆலைல ஓரத்தை கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எப்படியோ திணிச்சுட்டு வருவோம். மீதி எடத்துல வுட்டுட்டு வந்துருவோம்." கோவிந்தனின் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றது. "ஏன் சார்? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்கு யாருய்யா சொன்னீங்க?"

"அப்ப இருந்த ஃபோர்மேன் கிட்ட சொன்னேனுங்க. ஆபீஸ்ல சொல்றன்னாரு. அப்பறம் அவரும் வேலைய வுட்டுட்டு ஓசூருக்குப் போயிட்டாரு. ஒண்ணும் மாறாததனால, வேணும்னேதான் அப்படி வரையறாங்கன்னு நெனச்சுக்கிட்டோம். ஆபீசருங்க வந்தா காட்டறதுக்கு ஒரு மூடி, அவ்ளோதான்னு பசங்க பேசிக்குவாங்க."

கோவிந்தன் பக்கத்திலிருந்த இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பத்து வருடங்களாக அவர் அறைக்குக் கீழே, இதே கூரையின் கீழ், ஒரு டஜன் பேருக்குத் தெரிந்த விஷயம். தெரியாதவர் ஒருவர்தான். அவர்தான் வரைந்தவர்.

"எத்தனை மெஷின் போயிருக்கு?" என்று கேட்டார். 

"இருபத்தாறுங்க. ஏழுல வெட்டித் திணிச்சிருக்கோம்."

அது ஜனவரி மாதம். கிழங்கு சீசன் உச்சத்தில் இருந்தது. அப்படியானால் பத்தொன்பது ஆலைகளில், அவர்கள் பேசிக்கொண்டிருக்கிற அந்த நிமிடத்தில், மூடாத பெல்ட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் நின்று கிழங்கு தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது மண்டையில் ஏறியதும் கோவிந்தன் எழுந்து கிட்டத்தட்ட ஓடினார்.

மாதவராஜ் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கோவிந்தனைப் பார்த்ததும் வைத்துவிட்டார். "என்னண்ணா, ஒடம்பு சரியில்லீங்களா?"

கோவிந்தன் லேப்டாப்பை அவர் மேசையில் வைத்து, மெஷினைத் திருப்பி, சிவப்பைக் காட்டினார். பிறகு போட்டோவைக் காட்டினார். பச்சியப்பன் சொன்னதைச் சொன்னார்.  மாதவராஜ் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"போல்ட்டு பையிலேயே இருக்குதுங்களேண்ணா" என்றார் கடைசியில். 

"ஆமாங்க."

"அப்பா இருந்தப்ப நடந்தது இது. அவருக்கு..."

"அவருக்கும் தெரியாதுங்க. நான்தான் போய்ச் சொன்னேன்."

மாதவராஜ் போனை எடுத்தார். அந்த மதியம் அவர் சாப்பிடவில்லை. பத்தொன்பது ஆலைகளுக்கும் அவரே பேசினார். மெஷினை நிறுத்துங்கள், மூன்று நாளில் புது மூடி வரும், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றார். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, பத்து வருஷமா ஓடறதுக்கு இன்னைக்கு என்னங்க புதுசா என்று கேட்டார். மாதவராஜ் அவரை மூன்றுமுறை கூப்பிட்டுப் பேசி, கடைசியில் கெஞ்சி நிறுத்தவைத்தார். கோவிந்தன் எதிரே உட்கார்ந்து, புது மூடியை வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை முட்டுகிறதா என்று சோதித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கோவிந்தன் கேட்டார்: "அந்தம்மாவுக்கு என்னங்க செய்யறது?"

மாதவராஜ் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "ஒம்பது வருஷம் ஆச்சுண்ணா. நாம மூடிய மாத்திருவோம். இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது. அத மறுபடி தோண்டுனா கம்பெனி என்ன ஆவும்னு யோசிங்க. அறுபது குடும்பம்."

"யோசிச்சேனுங்க."

"ஏதாவது ஒதவி பண்ணலாம். வேற மாதிரி. பேர் வராம."

 கோவிந்தன் வீட்டுக்குப் போய்க் காவேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தம்மா பேரு என்னன்னீங்க?" என்றாள். "குள்ளம்மாள்" என்றார். "இப்பதான் மொத தடவ அந்தப் பேர உங்க வாயில கேக்கறேன்" என்றாள். 

வியாழக்கிழமை பொம்மிடி ஆலைக்குப் புது மூடியோடு பச்சியப்பன் போவதாக இருந்தது. கோவிந்தன் அவரை நேராக ஆலைக்குப் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் மொரப்பூர் பக்கம் பைக்கில் போனார். ரயில் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு ஊர். பழைய கோப்பில் குள்ளம்மாளின் முகவரி இருந்தது.

குள்ளம்மாளின் வீட்டு முன்னால் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. அவள் குனிந்து, இடது கையால் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். வலது முழங்கைக்குக் கீழே சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"நீங்க மெஷின் கம்பெனிக்காரரு" என்றாள்.

 ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருந்தவர்கள். இவள் முகம் அவருக்கு நினைவில் இல்லை.

"நீலச் சட்ட போட்டிருந்தீங்க. ஜன்னலோரம் ஒக்காந்திருந்தீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒக்காருங்க. வூட்டுக்காரரு உள்ள இருக்காரு."

அவள் கணவர் சின்னராஜ் வெளியே வந்தார். துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். கோவிந்தன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினார். மோட்டார் பெரிதானது, தாளைத் திருத்தாமல் விட்டது, கம்ப்யூட்டரில் ஏற்றியபோது தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னார். "அந்த மூடிய யாராலும் மாட்டியிருக்க முடியாதுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் நெசம். நான் சொன்னது தப்பு. தப்பு என்னோடதுங்க" என்றார்.

  சின்னராஜ் மெதுவாகக் கீழே, வெறும் மண்ணில் உட்கார்ந்தார்.

"எத்தினி முட்டுது?" என்று கேட்டாள் குள்ளம்மாள்.

கோவிந்தன் தன் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். "இதுக்கும் கொஞ்சம் கம்மிங்க."

அவள் அந்த இரண்டு விரலையே பார்த்தாள். பிறகு தன் இடது கையின் இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தாள். "இவ்ளோதானுங்களா?" என்றாள்.  "நான் அந்த மூடிய ஒரு நாளும் தொட்டதே இல்லீங்க. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன். நஷ்டஈடு வாங்கப் பொய் சொல்றான்னாங்க. ஆலைல சொன்னாங்க. ஊர்ல சொன்னாங்க. இவரும்..." அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. "வருஷம் போவப் போவ எனக்கே குழப்பமாயிருச்சுங்க. எதுக்கோ அவசரத்துல நாமதான் கழட்டி வெச்சிட்டமோ, கை போன அதிர்ச்சில மறந்துட்டமோன்னு. நாலஞ்சு வருஷமா, நான்தான் கழட்டினேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கனவுலகூட நான் கழட்டறாப்பல வரும்."

கோவிந்தன் எதிர்பார்த்து வந்தது வசவை. மண்ணை வாரித் தூற்றுவாள், துரத்துவாள் என்றெல்லாம் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். இது அவர் நினைப்பில் இல்லை. தன் தப்பு ஒரு பெண்ணின் கையோடு நிற்காமல் அவள் நினைவுக்குள்ளும் புகுந்து, நடக்காத ஒன்றை நடந்ததாக்கி வைத்திருக்கிறது.  மாடு கட்டின கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

சின்னராஜ் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இவள அவசரக்குடுக்கைம்பேங்க. சோத்துத் தட்டு கைதவறி வுழுந்தாகூட, அன்னைக்கு அவசரப்பட்டாப்பலதான இன்னைக்கும்பேன்."  துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ட்ட சொன்னது சரிங்க" என்றாள் குள்ளம்மாள். "அங்க வந்து சொல்லுவீங்களா? ஆலைல, எல்லாரு முன்னாடியும்?"

"இப்பவே போலாமுங்க."

பைக்கில் மூன்று பேர் போக முடியாது. சின்னராஜ் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டுவந்தார். கோவிந்தன் ஆட்டோவுக்குப் பின்னால் வந்தார். அவர் கைபேசியில் மாதவராஜின் பெயர் இரண்டுமுறை வந்து நின்றது. எடுக்கவில்லை.

ஆலையில் மெஷின் நின்றிருந்தது. பச்சியப்பன் புது மூடியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வேலை இல்லாததால் பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குள்ளம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பேச்சு நின்றது. ஒன்பது வருடங்களில் அவள் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. வயதான ஒருத்தி மட்டும் எழுந்து, "குள்ளம்மா!" என்றாள். அவள் ஜானகியம்மாள். விபத்து நடந்த அன்று பக்கத்தில் நின்றவள்.

ஆலை மேனேஜர் வந்தார். கோவிந்தன் லேப்டாப்பைத் திறந்து அவருக்குக் காட்டினார். மேனேஜர் ஸ்க்ரீனைப் பார்த்தார், தலையாட்டினார், நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "படத்துல எத வேணா காட்டலாம் சார். நெசத்துல பாத்தாத்தானே" என்றார்.

"பழைய மூடி இங்க இருக்குதுங்களா?" என்று கோவிந்தன் கேட்டார்.

மேனேஜருக்குத் தெரியவில்லை. ஜானகியம்மாள்தான் கையை நீட்டினாள். "பின்னாடி கால்வா மேல போட்டு வெச்சிருக்காங்க. அதுமேல ஏறித்தான் நாங்க போயி வர்றோம்."

பச்சியப்பனும் சின்னராஜும் போய்த் தூக்கி வந்தார்கள். பச்சைப் பெயின்ட் பாதி உதிர்ந்து, மரவள்ளிப்பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். போல்ட் துளைகளைச் சுற்றிப் பெயின்ட் அப்படியே இருந்தது. ஒரு முறைகூட ஸ்பானர் பட்ட வடு அதில் இல்லை. மேனேஜர் குனிந்து அதைப் பார்த்தார்.

பச்சியப்பன் மூடியைத் தூக்கி மெஷினின் மேல் வைத்தார். மேல் துளை இரண்டும் சட்டத்தின் துளைகளோடு சேர்ந்தன. கீழே தள்ளினார். டங்கென்று புல்லியில் முட்டி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். நகரவில்லை. கீழ்த்துளைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நின்றது. கோவிந்தன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தார். கம்ப்யூட்டர் சொன்ன அதே அளவு.

 பெண்கள் எழுந்து கிட்டே வந்திருந்தார்கள். ஜானகியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ, அய்யோ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானும் சொன்னேனே குள்ளம்மா. நீ கழட்டிட்டேன்னு நானும் எழுதிக் குடுத்தேனே. அவுங்க கேட்டப்ப, இருக்கும்னு சொல்லிட்டனே."

குள்ளம்மாள் அவளைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் போனாள்.  இடது கையை மூடியின் மேல் வைத்தாள். பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். அது இறங்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை அழுத்தும்போது சின்னராஜ் வந்து அவள் தோளைப் பிடித்தார். "போதும்" என்றார். "போதும் வுடு. முடியாதுன்னு தெரிஞ்சிருச்சு."

"நான் கழட்டல" என்றாள் அவள். அதை அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கோவிந்தன் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு விசாரணையில் நான் சொன்னது தப்பு, இந்த அம்மா சொன்னதுதான் உண்மை, இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.  சொன்னதை அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சின்னராஜின் கையில் கொடுத்தார்.

கம்பெனிக்குத் திரும்பியபோது மாதவராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். மேனேஜர் போன் செய்திருந்தார்.

"என்ட்ட ஒரு வார்த்த கேக்காம போயிட்டீங்களேண்ணா."

"கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அப்பறம் நான் போறது உங்க பேச்ச மீறுனதா ஆயிருக்கும். அது என் வாக்குமூலம் சார். என் கையெழுத்து."

மாதவராஜ் திரும்பி உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கோவிந்தனிடம் பேசவில்லை. வேலையை விட்டு நீக்குவார் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். கோவிந்தனும் அப்படித்தான் எதிர்பார்த்தார். தன் பொருட்களை ஒரு பையில் எடுத்துக்கூட வைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலை மாதவராஜ் டிராயிங் அறைக்கு வந்து, மூடி, மோட்டார் பீடம் இரண்டின் தாள்களின் நகலும், போட்டோவின் நகலும் வைத்த ஒரு உறையை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் கம்பெனி முத்திரையும் அவர் கையெழுத்தும் இருந்தன.

"வெறும் உங்க கடுதாசிய வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். "இதையும் சேத்துக் குடுங்க. நேத்து பூரா போட்டோல அந்த போல்ட்டுப் பையவே பாத்துக்கிட்டிருந்தேன். தூங்க முடியல." போகும்போது வாசலில் திரும்பி, "கட்டி வெச்சிருக்கற உங்க பைய எடுத்து உள்ள வைங்கண்ணா" என்றார்.

விசாரணையைத் திரும்ப எடுத்து முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. கோவிந்தன் நான்கு முறை தர்மபுரிக்குப் போய் நின்று, அதே கேள்விகளுக்கு வேறு பதில்களைச் சொன்னார். ஜானகியம்மாளும் வந்து சொன்னாள். பழைய முடிவு ரத்தாயிற்று. கவனக்குறைவு என்ற வார்த்தை எடுக்கப்பட்டு, தவறு மெஷினின் வடிவமைப்பில் என்று எழுதப்பட்டது. குள்ளம்மாளுக்குச் சேர வேண்டியதைக் கம்பெனியும் ஆலையும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. ஹைதராபாத்காரர்களுக்கு விஷயம் தெரிந்து, அடுத்த ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மழைக்காலம் கம்பெனிக்குக் கஷ்டமாகத்தான் போனது.

உத்தரவு கையில் கிடைத்த அன்று குள்ளம்மாள் கோவிந்தனுக்கு போன் செய்தாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. கோவிந்தனும் எதிர்பார்க்கவில்லை.

"இவரு படிச்சுக் காட்டுனாருங்க" என்றாள். "ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்." பிறகு, "அந்த மெஷின்ல இப்ப யாருங்க நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

போன வாரம்தான் கோவிந்தன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "யுவராணின்னு ஒரு பொண்ணுங்க. கல்யாணமாகி பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து வந்திருக்குது."

"மூடி போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதுங்க. நானே கையால இழுத்துப் பாத்தேன்."

"சரிங்க" என்றாள் குள்ளம்மாள். பால்காரர் வந்துவிட்டார் என்று சொல்லி போனை வைத்தாள்.